பந்திக்கு நாற்பது ஜெராக்ஸ்

இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது நல்லதாகப் போயிற்று சார். பரமக்குடிக்கா? நானும் அங்கேதான். எனக்கு ஒரு கடிதம் வாசித்துச் சொல்ல வேண்டும். இப்போதே வேண்டாம். திருச்சுழி வரைக்கும் ரோடு குலுக்கி எடுக்கும், எழுத்து ஆடும். அதுவரைக்கும் நான் விஷயத்தைச் சொல்கிறேன். விஷயம் தெரியாமல் வாசித்தால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். தெரிந்துகொண்டு வாசித்தால் யாரைத் தப்பாக நினைக்க வேண்டுமோ அவனை நினைப்பீர்கள்.

என் பெயர் இருளப்பன். இந்த ரெக்சின் பைக்குள் நாற்பது ஜெராக்ஸ் இருக்கிறது. நாற்பதும் ஒரே கடிதம்தான். நாளைக்குக் காலையில் பரமக்குடியில் ஒரு கல்யாணம். என் மனைவியின் அண்ணன் மகளுக்கு. இன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவார்கள். முதல் பந்தி அவர்களுக்கு. அந்த மண்டபத்தில் ஒரு பந்திக்கு நாற்பது பேர் உட்காரலாம். போன வாரமே போய் வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் கல்யாணம் வைக்கப் போகிறவன் மாதிரி, தண்ணீர் வசதி எப்படி, கழிப்பறை எத்தனை என்றெல்லாம் கேட்டுவிட்டு நடுவில் இதைக் கேட்டேன். நாற்பது என்றான். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைக்கிற நேரத்தில் ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் ஒரு ஜெராக்ஸ். உப்புக்குப் பக்கத்தில். அவ்வளவுதான் என் வேலை. சாப்பிடாமலே திரும்பிவிடுவேன்.

பயப்படாதீர்கள் சார். நான் கிறுக்கன் இல்லை. இருபது வருஷம் அரசாங்க மதுக்கடையில் விற்பனையாளராக இருந்தேன். கிறுக்கன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும்.

அந்த வேலைதான் எல்லாவற்றுக்கும் வினை. நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. என் மனைவி சண்முகவடிவு அந்த வாடைக்கே என் சட்டையைத் தனி வாளியில் நனைப்பாள். அப்படிப்பட்டவளுக்குக் கல்லீரல் கெட்டது. கல்லீரல் கெட்டது என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தானே? பொம்பளைக்குக் கெட்டால் அதைவிட ருசியான பேச்சு வேறென்ன இருக்கிறது? அதிலும் புருஷன் மதுக்கடையில் வேலை பார்க்கிறவன்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயதில் வயிறு பெருக்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இரண்டு பிள்ளை தங்காமல் போயிருந்தது. ஒன்று நாலு மாதத்தில், ஒன்று ஐந்தில். இரண்டாவது போனபோது ஒரு கால் தூண் மாதிரி வீங்கியது. நரம்பு சுருண்டுவிட்டது என்று பற்றுப் போட்டோம். வற்றிவிட்டது, விட்டுவிட்டோம். அதற்கப்புறம் பல வருஷம் ஒன்றும் இல்லை. திடீரென்று வயிறு பெருக்கவும் அடுத்த வீட்டு ராக்கம்மாள் ஒரு கூடை மாங்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"ஏத்தா, எத்தனை மாசம்? சொல்லவே இல்லையே, கமுக்கமா இருந்துட்டியே!"

வடிவு அரிவாள்மனையை எடுத்தாள். ஒரு மாங்காயை நறுக்கி, உப்பு தொட்டு, அவள் முன்னாலேயே தின்றாள். ராக்கம்மாள் போனபிறகு, "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்ங்க" என்றாள்.

அது பிள்ளை இல்லை, தண்ணீர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியும். முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "குடிப்பாங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் வடிவு சிரித்துவிட்டாள். "அவரு விக்கிறாரு டாக்டர். நான் மூடிகூடத் தொறந்ததில்ல." டாக்டர் அதை நம்பவில்லை. சீட்டில் என்னமோ எழுதினார். அந்த எழுத்துதான் ஊர் முழுக்கப் போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். எங்கள் ஊருக்குத் தபால்காரர் தேவையில்லை.

அப்புறம் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டரம்மா. அவர்கள்தான் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள், பிள்ளை எத்தனை போச்சு, கால் எப்போது வீங்கியது, அம்மா எப்படி இறந்தார்கள் என்று. பிறகு ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள்.

ரத்தம் உறைவது உடம்புக்கு வேண்டியதுதானாம். கை அறுந்தால் நிற்க வேண்டும் இல்லையா? ஆனால் இவளுக்கு அறுபடாமலே உறைகிறது. உறையாமல் பார்த்துக்கொள்கிற ஒரு சத்து இவள் ரத்தத்தில் பிறவியிலேயே குறைவு. கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியே போகிற குழாயில் உறைந்து அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத ரத்தம் கல்லீரலுக்குள்ளேயே தேங்கித் தேங்கி, அந்தச் சதை செத்து, செத்த இடமெல்லாம் தழும்பாகிப் போனது. "வெளியில ஒரு காயம் ஆறினா தழும்பு விழுது இல்லையா? அதுமாதிரி கல்லீரல் முழுக்கத் தழும்பு. இதுக்கும் குடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல" என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கு, உறையாமல் வைக்கிற சரக்கு, இரண்டையும் செய்கிற பட்டறையே கல்லீரல்தானாம். பட்டறை தழும்பாகிப் போனால் இரண்டும் தாறுமாறாகும். ஒரு பக்கம் உள்ளே உறையும், இன்னொரு பக்கம் வாய்வழியாகக் கொட்டும்.

கொட்டத்தான் செய்தது சார். அதைச் சொல்ல வேண்டாம்.

நான் டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இது எங்கேருந்து வந்துச்சும்மா?"

"இது அவங்க பிறந்த வீட்டு ரத்தத்துல வர்ற குறை."

அந்த வார்த்தை காதில் விழுந்ததோடு சரி. அதற்கப்புறம் அவர்கள் ரொம்ப நேரம் பேசினார்கள். வாய் அசைந்ததுதான் எனக்குத் தெரியும். பிறந்த வீட்டு ரத்தம். தவசிலிங்கம் வீட்டு ரத்தம். என் காதில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கடிதம் கொடுத்து, "இதை அவங்க அண்ணன்கிட்ட கட்டாயம் கொடுங்க" என்றார்கள். ஆஸ்பத்திரி முத்திரை குத்திய கடிதம்.

தவசிலிங்கம் என்றால் என் மச்சான். வடிவுக்கு அண்ணன். பொண்ணு பார்க்கப் போனபோது எங்கம்மா கேட்டார்கள், "சம்பந்தி அம்மா எப்படித் தவறிப் போனாங்க?" என்று. "காய்ச்சல்" என்றான். காய்ச்சலாம்! பிரசவம் ஆன பத்தாம் நாள், கால் வீங்கி, உட்கார்ந்த இடத்தில் மூச்சு நின்று செத்தவள் அவன் அம்மா. இதை வடிவே எனக்குப் பிறகு சொன்னாள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தது. மறைத்துத்தானே கட்டிக்கொடுத்தான்? ரத்தத்தில் விஷத்தை வைத்துக்கொண்டு, சந்தனம் பூசி, மாலை போட்டு என் வீட்டுக்கு அனுப்பினான். பெண் கொடுக்கிற இடத்தில் ஒரு குறை இருந்தால் சொல்ல வேண்டுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். தெரிந்ததை மறைக்கிறவன் மனுஷனா?

அதைக்கூட மன்னித்திருப்பேன் சார். வடிவு செத்து, எடுப்பு அன்றைக்கு அவன் பேசினானே, அதைத்தான் மன்னிக்க முடியாது. நாலு வருஷம் ஆகிறது. வடிவைக் குளிப்பாட்டி வைத்திருக்கிறோம். ஊரே நிற்கிறது. வந்தான், துண்டை வாயில் பொத்தி அழுதான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னான்:

"கடையில வித்தது போக மிச்சத்த வீட்டுல ஊத்திக் குடுத்தியாக்கும்? எந்தங்கச்சிய இப்படி ஊதவச்சு அனுப்புறியேடா, பாவி."

ராக்கம்மாள்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பெரியவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் இன்னும் கண்ணில் நிற்கிறது. கடிதம் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து அவன் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. செத்த வீட்டில் எறிந்தால் யார் எடுத்து வாசிப்பார்கள்? அவன் எனக்குச் செய்ததை நானும் ஒரு சபையில்தான் செய்ய வேண்டும். அவனுக்கு ஒரே மகள். எப்படியும் ஒரு நாள் பந்தல் போடுவான். காத்திருந்தேன். பிளாஸ்டிக் உறை போட்டு, பீரோவில் வடிவின் கூறைப்புடவைக்கு அடியில் வைத்துக் காத்திருந்தேன்.

நான் அவளை எப்படி வைத்திருந்தேன் என்று அவனுக்குத் தெரியுமா? ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். எங்கள் ஊர் அம்மனுக்குப் பங்குனியில் முளைப்பாரி எடுப்பார்கள். அந்தச் சட்டியெல்லாம் வளர்க்கிற வீடு எங்கள் வீடு. பரம்பரை உரிமை. ஒன்பது நாள் வீடு சுத்தமாக இருக்க வேண்டும். கல்யாணமான மறு வருஷம், முளை போட்ட மூன்றாம் நாள் வடிவு வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். சட்டிகளையெல்லாம் பங்காளி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கம்மா அன்றைக்குப் படுத்தவர்கள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. ஒரு வாய்ச் சோறு சாப்பிடவில்லை. வடிவு மூலையில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து நானே ஏற்பாடு செய்துவிட்டேன்.

மெடிக்கல் கடையில் தள்ளிப்போடுகிற மாத்திரை இருக்கிறது இல்லையா, அதுதான். எந்தப் புருஷன் சார் அதைக் கடையில் நின்று கேட்பான்? கூச்சப்படுவான். நான் கூச்சப்பட்டதில்லை. முகம் பார்த்தாலே கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுவார். "விசேஷமாண்ணே?" என்பார். "ஆமாப்பா." பங்குனிக்கு ஒரு தடவை. ஆடிக்கு ஒரு தடவை. கார்த்திகையில் நான் மலைக்கு மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாளும் போட்டுக்கொள்வாள். பங்காளி வீட்டுக் கல்யாணம், புதுவீடு புகுகிறது என்று நடுவில் எது வந்தாலும் வாங்கி வந்துவிடுவேன். ஒருமுறை அவளே, "காலு கனக்குதுங்க, இந்தத் தடவை வேணாமே" என்றாள். "நின்னுக்கிட்டே வேலை பாத்தா கனக்கத்தான் செய்யும், கொஞ்சம் உக்காரு" என்று நானே காலைப் பிடித்துவிட்டேன். பதினாறு வருஷம், ஒரு வருஷம்கூட முளைப்பாரி வேறு வீட்டுக்குப் போகவில்லை. ஊரில் வடிவுக்கு அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதையை வாங்கிக் கொடுத்தவன் நான். அவன் சொல்கிறான், ஊற்றிக் கொடுத்தேன் என்று.

இப்போது வீட்டில் பெண் இல்லை. சட்டிகள் பங்காளி வீட்டுக்கே போய்விட்டன. அது கிடக்கட்டும்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை சார். மோனிஷா என்று பெயர். லீவுக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். வடிவின் இடுப்பிலேயே வளர்ந்தவள். நாலு நாளைக்கு முன்னால் அப்பனுக்குத் தெரியாமல் எனக்குப் போன் பண்ணினாள்.

"மாமா, அப்பா பத்திரிகை வைக்கலேன்னு வராம இருந்துராதீங்க. அத்த இடத்துல நீங்க நிக்கணும்."

"ஒடம்பு எப்படித்தா இருக்கு? கல்யாணக் களை வந்துருச்சா?"

"களையாவது! இடது காலு கெண்டச்சதையெல்லாம் வீங்கிக் கிடக்கு மாமா. புதுச் செருப்பு போட்டு நடந்து பழகுறேன்ல. தேதி வேற இடிக்குது. ஒரு வாரமா மாத்திரை போடுறேன், தலை கிறுகிறுங்குது."

"என்ன மாத்திரை?"

"அதான் மாமா, அத்தைக்கு நீங்க வாங்கிட்டு வருவீங்கள்ல, அதே மாத்திரை."

பாருங்கள், சின்னப் பிள்ளையில் பார்த்ததை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாள்! அவள் அழுவாள். இன்றைக்குச் சாயங்காலம் கட்டாயம் அழுவாள். அதற்கு நான் என்ன செய்ய? வடிவும்தான் அழுதாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு உண்மை தெரிய வேண்டாமா? எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்காவது நான் சொல்கிறேன். புண்ணியம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

திருச்சுழி வந்துவிட்டது. இனி ரோடு நன்றாக இருக்கும். இந்தாருங்கள், இதுதான் மூலக் கடிதம். இங்கிலீஷில்தான் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. ஊரில் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் கசிந்துவிடும். கசிந்துவிட்டால் பந்தியில் சூடு இருக்காது. இதோ, சிவப்புப் பேனாவும் வாங்கி வைத்திருக்கிறேன். பிறந்த வீட்டு ரத்தம் என்று எந்த வரியில் இருக்கிறதோ அதை மட்டும் காட்டுங்கள். நாற்பதிலும் அடியில் கோடு போட வேண்டும். சாப்பிட உட்கார்ந்தவன் முழுக்க வாசித்துக்கொண்டிருக்க மாட்டான்.

முதல் பத்தியில் என்ன? அவள் பெயர், வயது, நோய். சரி. இரண்டாவது? ... ஆங், அதுதான் சார். "பரம்பரையாக வருவது." "ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் எல்லாரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்." இந்த வரிதானே? கையை எடுங்கள், கோடு போட்டுக்கொள்கிறேன். போட்டாயிற்று. கொடுங்கள், போதும்.

இன்னும் இரண்டு பத்தி இருக்கிறதா? அது ஆஸ்பத்திரி வழக்கமாக எழுதுவதாக இருக்கும். சரி, நீங்கள் ஆசைப்படுகிறீர்கள், வாசியுங்கள்.

என்ன?

இன்னொரு தரம் சொல்லுங்கள். மெதுவாக.

"மாதவிலக்கைத் தள்ளிப்போடுவதற்காகப் பல வருஷம் அடிக்கடி எடுத்துக்கொண்ட மாத்திரைகள்..." ம். "பிறவிக் குறையோடு சேர்ந்து, இந்த அடைப்பு உண்டாக முக்கியக் காரணமாக இருந்திருக்கலாம்." அப்படியே போட்டிருக்கிறதா? நீங்களாகச் சொல்லவில்லையே? அது டாக்டர் சீட்டுகூட இல்லாமல் கொடுக்கிற மாத்திரை சார். எங்கள் தெருவில் யார் போடாமல் இருக்கிறார்கள்? ராக்கம்மாள் போடுவாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே. அவள் ரத்தம் வேறு என்கிறீர்கள். ஆமாம். இருக்கலாம் என்றுதானே போட்டிருக்கிறது? இருந்தது என்று போடவில்லையே. அதைச் சரியாகப் பாருங்கள்.

டாக்டரம்மா அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினார்கள். வாய் அசைந்தது.

நாலாவது பத்தியை வாசியுங்கள். ... "இந்தக் குடும்பத்துப் பெண்கள் பரிசோதனை முடிகிறவரை இந்த மாத்திரைகளைத் தொடக்கூடாது." ... "ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்."

ஒரு காலா இரண்டு காலா என்று ஏன் சார் கேட்கிறீர்கள்? இடது கால். இடது கால் என்றுதான் சொன்னாள். புதுச் செருப்பு என்றாளே.

புதுச் செருப்பென்றால் இரண்டு காலிலும்தானே போட்டிருப்பாள்.

நாலு நாள் ஆகிவிட்டது சார். அவள் சொல்லி நாலு நாள். கடிதம் கொடுத்து நாலு வருஷம். கொஞ்சம் பொறுங்கள், போன் போடுகிறேன். மோனிஷா எடுக்க மாட்டேன் என்கிறாள். கையில் மருதாணி வைத்துக்கொண்டிருப்பார்கள். அப்பனுக்கே போடுகிறேன்.

"மச்சான், நான் இருளப்பன். வச்சிராதீங்க. மோனிஷா மாத்திரை..."

வைத்துவிட்டான். உங்களுக்கே கேட்டிருக்குமே. "நல்ல காரியத்துல எம்மக பேரை உன் வாயால சொல்லாத. மண்டபத்துப் பக்கம் தலை தெரிஞ்சா காலை ஒடிப்பேன்" என்கிறான். மறுபடி போட்டால் எடுக்க மாட்டான். எடுத்தாலும் நம்ப மாட்டான். கல்யாணத்தைக் கெடுக்க வருகிறான் என்பான். அவன் அப்படிச் சொல்வதில் என்ன தப்பு? அதற்குத்தானே வருகிறேன்.

உங்கள் போனிலிருந்து போடுங்கள் சார். புது நம்பர் என்றால் எடுப்பான், கல்யாண வீடு இல்லையா. நம்பர் சொல்கிறேன். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லுங்கள். பொய்தான், நான் பொறுப்பு. என் பெயர் வரவே கூடாது. மாத்திரையை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். தாலி அப்புறம் கட்டிக்கொள்ளலாம், முதலில் அந்தக் காலை ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பேரைக் கேட்டால் உங்கள் பேரையே சொல்லுங்கள். இங்கிலீஷ் நாலு வார்த்தை கலந்து பேசுங்கள், பயப்படுவான். அவன் அம்மா கதையைக் கேளுங்கள், கால் வீங்கித்தானே போனார்கள் என்று. அதில் ஆடிப்போவான்.

அப்படியே ஒன்று சார். மூன்றாவது பத்தியை மட்டும் வாசிக்க வேண்டாம். அவனுக்கு வேண்டியது நாலாவதுதான். செத்துப்போனவளைப் பற்றி இப்போது அவனுக்கு எதற்கு? தெரிந்து என்ன செய்யப் போகிறான்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

மணி அடிக்கிறதா? இந்தப் பையை உங்கள் காலுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். என் மடியில் வேண்டாம். நல்ல ஜெராக்ஸ் கடை சார், ஒரு எழுத்துகூட விடாமல் எடுத்துக் கொடுத்தான். மூன்றாவது பத்தி நாற்பதிலும் இருக்கும், இல்லையா?

எடுத்துவிட்டானா? பேசுங்கள் சார். பேசுங்கள்.